பெரிய நாத்தனார் மிதந்தார், நான் முழுகினேன்

கல்யாணமான முதல் கோடையில் நான் நீச்சல் கற்றுக்கொண்டேன். சொல்லும்போது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அந்தக் கோடையில் எங்கள் வீட்டுப் பெண்கள் நாலு பேருக்கும் காலையிலிருந்து படுக்கப் போகும்வரை வேறு பேச்சே கிடையாது.

என் மாமனாருக்கு ஆம்பூரில் சின்னதாக ஒரு டேனரி இருந்தது. ஆட்டுத்தோல்தான் பதனிடுவார்கள். ஊருக்கு வெளியே, பாலாற்றுப் பக்கம், ஒரு மாந்தோப்பும் இருந்தது. தோல் ஊறப்போடும் ஆவாரம்பட்டையை டேனரியில் வைக்க இடம் போதாமல், தோப்பில் ஒரு கொட்டகை போட்டு அங்கே அடுக்கி வைத்திருந்தார்கள். பட்டை நிறுக்கும் பெரிய தராசு ஒன்று அந்தக் கொட்டகையின் உத்தரத்தில் சங்கிலியில் தொங்கும். தட்டுகளுக்குப் பதில் இரண்டு பக்கமும் ஆள் படுக்கும் அளவு பலகை.

மாங்காய் முற்றும் நாளில் வீட்டுப் பெண்கள் எல்லோரும் தோப்புக்குக் குடிபோய்விடுவார்கள். ஊருக்குள் டேனரி வாடையும் வெயிலும் சேர்ந்து மூச்சு முட்டும். தோப்பில் சின்னதாக ஒரு வீடும் நிழலும் கிணறும் உண்டு. சதுரமான பெரிய கிணறு அது. ஒரு பக்கம் கல் படி, எதிர்ப்பக்கம் மாடுகள் கவலைச் சாலில் தண்ணீர் இறைக்கும் சரிவு. காலையில் கவலை ஓட்டும் ஆள் மதியத்துக்குள் மாட்டை அவிழ்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விடுவார். அவர் போனதும் என் மாமியார் தோப்புக் கதவுக்குத் தாழ் போடுவார். நாங்கள் கோஷா பார்க்கும் குடும்பம், வெளி ஆம்பிளை கண்ணில் படக்கூடாது. கிணற்றைச் சுற்றி மூங்கில் நட்டு, பழைய ஜமுக்காளங்களைக் கட்டிவிடுவோம். அதற்குப் பிறகு அந்தக் கிணறு சாயங்காலம்வரை எங்களுடையது.

மாமியார் நன்றாக நீந்துவார். கிணறு உள்ள வீட்டுக்கு வந்த மருமகள் நீந்தத் தெரியாமல் இருக்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். நான் குடியாத்தத்தில் தெருக்கிணற்றில் தண்ணீர் சேந்தி வளர்ந்தவள். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை. வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"கெணத்த பக்கத்துல வெச்சுக்கினு அதப் பாத்து பயந்துக்கினு இருப்பியா? எறங்கும்மா," என்றார்.

அந்த வருஷம் என்னோடு இன்னொருவரும் புதிதாக இறங்கினார். என் கணவரின் மூத்த அக்கா. நான்கு பிள்ளை பெற்றவர், நல்ல கனத்த சரீரம். மாட்டு வண்டியில் அவர் ஏறினால் வண்டிக்காரன் நுகத்தடி மேலே எழும்பாமல் பிடிக்க மாட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வான். சின்ன வயதிலிருந்து ஏதேதோ சாக்குச் சொல்லி நீச்சலைத் தட்டிக் கழித்து வந்தவர். நானோ காய்ந்த முருங்கைக்காய் மாதிரி இருப்பேன். படியில் இறங்கும்போதே எல்லோரும் ஒன்றை எதிர்பார்த்தார்கள்: நான் தக்கை போல மிதப்பேன், அவர் கல் போல இறங்குவார். பெரிய நாத்தனாரும் அதையேதான் நம்பினார். அவருக்கு மட்டும் இடுப்பில் இரண்டு சுரைக்குடுக்கை, எனக்கு ஒன்று.

முதல் இரண்டு நாள் குடுக்கையோடு கையையும் காலையும் அடித்துப் பழகினோம். மூன்றாம் நாள் மாமியார் குடுக்கைகளை அவிழ்த்தார். பெரிய நாத்தனார் கண்ணை இறுக மூடி, பிஸ்மில்லா சொல்லி, படியிலிருந்து கையை விட்டார். அவ்வளவுதான். மெத்தையில் படுத்த மாதிரி தண்ணீர்மேல் படுத்துவிட்டார். வயிறு வெளியே, கால் விரல்கள் வெளியே. கொஞ்ச நேரம் பொறுத்துக் கண்ணைத் திறந்து, தான் எங்கே இருக்கிறோம் என்று பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தபோதும் முழுகவில்லை.

அந்த உற்சாகத்தில் நானும் கையை விட்டேன். நேராகக் கீழே போனேன். காது அடைத்தது, பச்சையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது, மாமியாரின் கை என் ஜடையைப் பிடித்து மேலே இழுத்தது. மறுபடி விட்டேன், மறுபடி முழுகினேன். கையைக் காலை அடிக்கும்வரை தலை மேலே நிற்கும். அடிப்பதை நிறுத்தினால் கிணறு என்னை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

மாமியார் எனக்குப் பயம் என்றார். பயம்தான். ஆனால் பெரிய நாத்தனாருக்கும் பயம் இருந்ததே. அவர் மிதக்க, நான் ஏன் முழுகினேன்? அழுகை வரவில்லை எனக்கு. யாரோ சாமர்த்தியமாக ஒரு வித்தை காட்டிவிட்டு, எப்படி என்று சொல்லாமல் போன மாதிரி ஒரு தவிப்பு.

அந்த வாரக் கடைசியில் சின்ன நாத்தனார் வேலூரிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்தாள். அங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். உறவில் பலபேர் அதற்காக என் மாமனாரோடு பேச்சை நிறுத்தியிருந்த சமயம் அது. பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை, நாங்கள் மூன்று பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டு நடந்ததைச் சொன்னோம். கேட்கக் கேட்க அவள் முகம் மலர்ந்தது.

இதைத் தன் வாத்தியாரம்மா பாடம் நடத்தியிருக்கிறார் என்றாள். அதற்குப் பேர் அடர்த்தி. தண்ணீரைவிட அடர்த்தி ஜாஸ்தியான பொருள் முழுகும், கம்மியான பொருள் மிதக்கும். ஒரு மூச்சில் ஒப்பித்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"அப்டின்னா இன்னா?" என்றார் மாமியார்.

அவள் மறுபடி அதையே ஒப்பித்தாள். அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியிருக்கிறாள். ஆனால் கண்ணால் பார்த்ததில்லை, கையால் தொட்டதில்லை. கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றவள், "சரி, போட்டுப் பாத்துர்லாம்," என்றாள்.

அன்று மதியம் தோப்பில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கிணற்றில் போட்டோம். புளியங்கொட்டை முழுகியது. நானும் பெரிய நாத்தனாரும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கி வந்த முருங்கைக் கட்டை மிதந்தது. எடை ஜாஸ்தியாக இருந்தால் முழுகும் என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போனது. அதைவிட அதிசயம் மாங்காய். பிஞ்சு மிதந்தது. அதே மரத்தில் நன்றாக முற்றிய காய் ஒன்று விடுவிடுவென்று அடிக்குப் போனது. ஒரே மரத்துக் காய்! எங்களுக்குப் பொறுக்கவில்லை. முற்றல், அரை முற்றல், பழம் என்று பறித்துப் பறித்துப் போட்டோம். அரை முற்றலில் ஒன்று மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் ஒரு முழ ஆழத்தில் தயங்கி நின்றபோது பெரிய நாத்தனார் படியில் உட்கார்ந்து கைதட்டினார். மாமியார்தான் பழம் வீணாகிறது என்று நிறுத்தினார். அவர்கூட ஒரு காயைத் தன் கையால் போட்டுப் பார்த்த பிறகே நிறுத்தினார்.

சின்ன நாத்தனார் சமையலறைக்கு ஓடி ஒரு சொம்பு எடுத்து வந்தாள். அதில் தளும்பத் தண்ணீர் ஊற்றிக் கைத்தராசில் நிறுத்தாள். கொட்டிவிட்டு, அதே சொம்பு நிறைய எண்ணெய். அடுத்து, நிறைய மணல். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. மணல் தூக்க முடியாத கனம். மூன்றையும் நிறுத்து முடித்ததும் தராசை அப்படியே கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, எடைய மட்டும் பாக்கக் கூடாது. அதே எடத்துல தண்ணி இருந்தா அது எவ்ளோ எடை இருக்கும்னு பாக்கணும். நம்மள நம்ம அளவு தண்ணியோட நிறுக்கணும்."

சொன்னவளுக்கே அப்போதுதான் புரிந்தது என்பது அவள் குரலில் தெரிந்தது. எனக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் அளவுக்குத் தண்ணீர் என்று ஒன்று உண்டா? என்னைப் போலவே கை, கால், தலை வைத்து ஒரு தண்ணீர்ப் பெண்ணை வார்த்தால் அவள் எவ்வளவு கனம் இருப்பாள்?

அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தோம். கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்கும் பெரிய செம்பு தேக்சா தோப்பு வீட்டில் கவிழ்த்துக் கிடந்தது. வெல்லம் காய்ச்சும் அகலமான இரும்புக் கொப்பரை ஒன்றும் இருந்தது. மறுநாள் காலை, கவலைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரம் கொப்பரையை வைத்து, அதற்குள் தேக்சாவை நிறுத்தச் சொல்லி மாமியார் கவலைக்காரரிடம் சொல்லி அனுப்பினார். தண்ணீரையும் அவரே நிரப்பிவிட்டுப் போனார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தேக்சா விளக்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

கதவைத் தாழிட்டதும் தேக்சாவின் விளிம்பு வழியும்வரை இன்னும் ஒரு குடம் ஊற்றினோம். வழிந்ததைக் கொப்பரையிலிருந்து துணியால் ஒற்றி எடுத்தோம். முதலில் பெரிய நாத்தனார். முக்காலி வைத்து ஏறி, நனைந்த புடவையோடு மெல்ல உள்ளே இறங்கினார். அவர் இறங்க இறங்கத் தண்ணீர் நாலு பக்கமும் பொங்கி வழிந்தது. நாங்கள் மொண்டு மொண்டு குடங்களில் ஊற்றினோம். கழுத்துவரை உட்கார்ந்தாயிற்று. தலையும் உள்ளே போக வேண்டும். அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக் குனிந்தார். தண்ணீர் அவரை மேலே தள்ளியது. மறுபடி குனிந்தார், மறுபடி பந்து மாதிரி எழும்பினார். கடைசியில் மாமியார் மகளின் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து, மாவு அழுத்துகிற மாதிரி ஒரு அழுத்து அழுத்தினார். தலை உள்ளே போனது. கடைசிச் சொட்டு வழிந்தது.

குடங்களைக் கொட்டகைக்குத் தூக்கினோம். காலிக் குடங்களின் எடைக்கு ஈடாக எதிர்ப்பலகையில் முன்பே கல் வைத்துச் சமம் செய்திருந்தாள் சின்னவள். ஒரு பக்கம் குடம் குடமாக அந்தத் தண்ணீர். மறுபக்கம் பெரிய நாத்தனார் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். உத்தரம் கிறீச்சிட்டது. பட்டைத் தூசி எங்கள் தலையில் கொட்டியது. பலகைகள் ஆடி ஆடி அடங்கின.

தண்ணீர்ப் பக்கம் கீழே இறங்கியது. பெரிய நாத்தனார் மேலே போனார்.

அந்த ஊரில் எங்கே போனாலும் தன் கனத்தைப் பற்றிப் பேச்சுக் கேட்டே பழகியவர் அவர். இப்போது தரையிலிருந்து கால் எழும்பி, அந்தரத்தில் ஆடிக்கொண்டு, தனக்கு எதிரே கீழே இருந்த குடங்களைப் பார்த்தார்.

"நான் தண்ணிய விட லேசும்மா," என்று தன் அம்மாவிடம் சொன்னார். சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது. அடுத்த நொடியே சிரிப்பு வந்துவிட்டது. ஆட்டுக்கால் பாயா கொதிக்கும்போது கொழுப்பு மேலே மிதக்கும், எலும்பு அடியில் கிடக்கும். தான் கொழுப்பு, நான் எலும்பு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தராசு அவரோடு சேர்ந்து குலுங்கியது.

அடுத்தது என் முறை. தேக்சாவைத் திரும்ப நிரப்பினோம். தண்ணீர் சில்லென்று இருந்தது. தலையை உள்ளே விடும்போது பயத்தில் என் வாயிலிருந்து காற்றெல்லாம் குமிழாகப் போய்விட்டது. வழிந்த தண்ணீரை எடுத்துப்போய் நிறுத்தோம். நான் உட்கார்ந்த பலகை தாழ்ந்தது. கொஞ்சம்தான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தாழ்ந்தது. என் அளவுத் தண்ணீரைவிட நான் கனம். கிணறு என்னை ஏன் உள்ளே வாங்கியது என்பது கண்ணெதிரே தெரிந்தது.

சின்ன நாத்தனார் மட்டும் நகம் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நான் தண்ணீருக்குள் குமிழி விட்டேனே, அதைப் பற்றிக் கேட்டாள். அக்கா குமிழி விடவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளிருந்த காற்றையெல்லாம் விட்டுவிட்டேன். காற்றுக்கு எடையே இல்லாத மாதிரிதான். ஆனால் நெஞ்சுக்குள் அது இடம் பிடிக்கிறதே?

"இன்னொரு தபா எறங்குங்க அண்ணி. நெஞ்சு நெறைய மூச்சு இழுத்துக்கினு."

நடுங்கிக்கொண்டே மறுபடி இறங்கினேன். இந்த முறை விலா எலும்பு விரிய மூச்சை இழுத்தேன், வாயை இறுக மூடிக்கொண்டு முழுகினேன். வெளியே வந்தபோது மாமியார் கையில் சொம்போடு நின்றிருந்தார். போன தடவையைவிட மூன்று சொம்பு தண்ணீருக்குக் குறையாமல் ஜாஸ்தியாக வழிந்திருக்கிறது என்றார். ஈரத்தோடு கொட்டகைக்கு ஓடினோம். மாமியாரும் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

பலகையில் உட்கார்ந்தேன். தராசு ஆடியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். பிறகு தண்ணீர்க் குடங்கள் இருந்த பலகை மெல்ல, மனசில்லாமல் இறங்குவது போல, ஒரு விரல் அளவு இறங்கி நின்றது.

அதே நான். ஒரு கவளம்கூட அதிகம் சாப்பிடவில்லை, ஒரு துளி இளைக்கவில்லை. உள்ளே இழுத்த காற்று மட்டும்தான் வித்தியாசம். நான் பலகையிலிருந்து குதித்து இறங்கி, யாருக்கும் காத்திராமல் கிணற்றுக்கு ஓடினேன். பின்னாலேயே மூன்று பேரும் வந்தார்கள்.

கடைசிப் படியில் நின்று நெஞ்சை நிரப்பினேன். தலையைப் பின்னால் சாய்த்து, கையை விரித்து, விட்டேன். கால் தாழ்ந்தது. இடுப்பு தாழ்ந்தது. காதுக்குள் தண்ணீர் புகுந்தது. போய்விட்டேன் என்று நினைத்த நேரத்தில் இறங்குவது நின்றது. மூக்கும் வாயும் நெற்றியும் மட்டும் வெளியே. பெரிய நாத்தனார் போல மெத்தைப் படுக்கை கிடையாது எனக்கு. ஒரு உள்ளங்கை அளவு முகம்தான். ஆனால் நின்றது. மூச்சைக் கொஞ்சம் விட்டால் தண்ணீர் உதட்டுக்கு வரும், இழுத்தால் கன்னத்துக்கு இறங்கும். மேலே ஜமுக்காளங்களுக்கு நடுவே சதுரமாக வானம். ஒரு கொக்கு குறுக்கே போனது. படியில் மூன்று பேரும் என்னவோ கத்துகிறார்கள் என்று தெரிந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி தோப்புக்கு வந்திருந்த என் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பட்டைத் தராசில் அக்கா உட்கார்ந்ததைக் கேட்டு முதலில் திடுக்கிட்டார். பிறகு எழுந்து உட்கார்ந்துகொண்டார். டேனரியிலும் இதே சங்கதி தினம் நடக்கிறது என்றார். அடியில் ஈயக் குண்டு வைத்து, அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டாம். ஆவாரம்பட்டை ஊறிய குழித் தண்ணீரில் அதை விடுவார்கள். பட்டைச் சாரம் கம்மியாக இருந்தால் குழாய் ஆழமாக இறங்கும், சாரம் ஏற ஏற மேலே எழும்பி நிற்கும். தினமும் கோடு பார்த்துச் சொல்லியிருக்கிறார்; அது ஏன் எழும்புகிறது என்று தான் யோசித்ததே இல்லை என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் குழாயைத் துணியில் சுற்றித் தோப்புக்குக் கொண்டு வந்தார். கிணற்றுத் தண்ணீர் நிரம்பிய வாளியில் விட்டோம். கழுத்துவரை இறங்கி நின்றது. பெரிய நாத்தனார் கை கையாக உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினார். குழாய் கோடு கோடாக மேலே வந்தது. உப்புத் தண்ணீரில் ஆளும் சுலபமாக மிதக்கலாம் இல்லையா என்று மாமியார் கேட்டார். கடலில் அப்படித்தான் என்றாள் சின்னவள். எங்களில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. அதனால் கொஞ்ச நேரம் எல்லோரும் கடலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

பத்து நாளில் நான் கிணற்றின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போய்த் திரும்பப் பழகிவிட்டேன். பெரிய நாத்தனாருக்கு அதற்குள் ஒரு புது ஆசை வந்திருந்தது. கிணற்றின் அடியைத் தொட வேண்டும். மாமியார் சின்ன வயதில் தொட்டிருக்கிறாராம். பெரிய நாத்தனார் தலைகீழாகக் குப்புறப் பாய்ந்தார், காலை உதைத்தார், படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தார். பாதி ஆழம் போவதற்குள் தண்ணீர் அவரைத் திருப்பி அனுப்பிவிடும். மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்து, இந்தக் கிணறு தன்னோடு பேஜார் பண்ணுகிறது என்று திட்டினார்.

எனக்கு அப்போது சட்டென்று ஒன்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. நடுக்கிணற்றுக்கு நீந்திப் போனேன். நெஞ்சில் இருந்த காற்றில் பாதியை விட்டேன்.

கிணறு என்னை உள்ளே வாங்கியது. கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டேன், எதுவும் செய்யவில்லை. முதல் நாள் பார்த்த அதே பச்சை வெளிச்சம், பிறகு கரும்பச்சை. தண்ணீர் திடீரென்று ஐஸ் போலக் குளிர்ந்தது. பாதம் எதையோ தொட்டது. குழைவான சேறு. அடியில் நின்றுகொண்டிருந்தேன்! குனிந்து ஒரு கை அள்ளிக்கொண்டு, தரையை எட்டி உதைத்து, காலை அடித்து மேலே வந்தேன். வெளிச்சம் மஞ்சளாகி வெள்ளையாகித் தலைக்கு மேல் உடைந்தது.

பெரிய நாத்தனார் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று என்னைத் தேடிக்கொண்டிருந்தார். நான் கையை விரித்துச் சேற்றைக் காட்டியதும் நம்பாமல் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எப்படி என்று சொல்லும்வரை என்னைப் படியேற விடவில்லை. மூச்சை விட்டேன் என்றேன். அவ்வளவுதானா என்று கேட்டு, அங்கேயே மூச்சையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டு முழுகிப் பார்த்தார். அப்போதும் அவர் முதுகு தண்ணீருக்கு மேலே தெரிந்தது. சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் சாய்ந்துவிட்டாள்.

என் கையிலிருந்த சேற்றை மாமியார் வாங்கி விரலால் பிசைந்து, மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார்.

"மழைக்கு முன்னாடி தூர் வாரணும்," என்றார். "நாளைக்கு இன்னொரு எடத்துல எறங்கிப் பாத்துச் சொல்லும்மா, எவ்ளோ கெடக்குதுன்னு."